அதிகாரம் அண்ணையும் கோப்பிக் கேத்தலும்

உலகத்தில் வேதாகமத்தைக் கையில் வைத்து வாசித்தவர்கள் கோடிக்கணக்கில் இருக்கலாம். அடுப்பில் வைத்து வாசித்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் அதிகாரம் அண்ணை. இதை மறுக்க விரும்புகிறவர்கள் தொண்ணூறுகளில் இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்து அல்பெர்கேரியாவில், பல்லாரோ சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு மூன்றாம் மாடிக் குசினியில் பாய் போட்டுப் படுத்திருக்க வேண்டும். நான் படுத்திருந்தேன். ஆகவே என் சாட்சிதான் செல்லும்.

அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அறையில் அதிகாரம் அண்ணையும் சூசையும். சூசை தீவுப்பகுதிக் கத்தோலிக்கன். ஒரு பிற்சாக் கடையில் கோப்பை கழுவினான். கடைசியாக வந்து சேர்ந்தவன் என்பதால் யாழ்ப்பாணத்துச் சைவமான எனக்குக் குசினி. வீட்டுக்குள் வந்த முதல் நாள், "அண்ணை, குளியலறை எங்கை?" என்று கேட்டேன். மேசையில் ஒரு தடித்த புத்தகத்தின் மேல் குனிந்திருந்த மனிதர் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார்.

"பொறும் தம்பி. ஒரு அதிகாரம் முடிச்சுப் போட்டு வாறன்."

அது எரேமியாவைப் போல நீளமான அதிகாரமாக இருந்திருந்தால் என் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. வீடு பற்றினாலும், வீட்டுக்காரன் வாடகைக்கு வந்து கதவைத் தட்டினாலும் அவருக்கு அந்த ஒரே பதில்தான். சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவிலும் பாஸ்போர்ட்டிலும் இருந்திருக்கும். பலேர்மோத் தமிழருக்கு அவர் அதிகாரம் அண்ணை.

பிறவியிலேயே பக்திமான் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னாரில் லொறி ஓட்டியவர். தலைமயிர் வெட்டும் கடையில் காத்திருக்கும்போதுகூடப் பேப்பரைத் தொடாத மனிதர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையோடு தன் கடமை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தவர். அவரை இந்தப் பாடு படுத்தியது அவருடைய மனைவி திரேசா.

நாட்டை விட்டுப் புறப்பட்ட அன்று, பஸ்ஸடியில் வைத்துத் திரேசா அக்கா ஒரு வேதாகமத்தை அவருடைய பையில் திணித்திருக்கிறார். அதே போல இன்னொன்று அக்காவிடமும் இருந்தது. "வாற மாதம் முதலாந் தேதி தொடக்கம் ஒவ்வொரு நாளும் ஒரு அதிகாரம். நீங்கள் அங்கை வாசியுங்கோ, நான் இஞ்சை வாசிக்கிறன். கடிதம் வந்தாலும் வராட்டிலும் ரெண்டு பேரும் ஒரே பக்கத்திலை நிப்பம்." அவ்வளவுதான் ஒப்பந்தம். மன்னாருக்குத் தொலைபேசி கிடையாது. கடிதங்கள் மாதக்கணக்கில் வழியில் கிடந்தன. பாதி வந்து சேரவேயில்லை. ஆகவே அண்ணைக்கு மனைவியோடு இருந்த ஒரே தொடர்பு அந்த ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம். ஒரு நாள் தவறினால் அவள் ஒரு பக்கத்தில், தான் ஒரு பக்கத்தில் என்று ஆகிவிடும். அந்தப் பயம்தான் அவரை எழுப்பியது. அவர் எங்களை எழுப்பினார்.

பழக்கம் லேசில் வரவில்லையாம். பின்னேரம் வாசிக்கப் பார்த்திருக்கிறார். வேலைக் களைப்பில் நோவாவின் பெட்டகத்துக்குள்ளேயே தூங்கிவிட்டார். பஸ்ஸில் வாசிக்கப் பார்த்திருக்கிறார். அவருக்கு வாயை மூடி வாசிக்கத் தெரியாது, பஸ்ஸில் இருந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். கடைசியில் ஒரு வழி பிடித்தார். இங்கே மொக்கா என்று ஒரு கோப்பிக் கேத்தல் உண்டு. கீழ்த் தட்டில் தண்ணீர், நடுவில் தூள்; கொதித்ததும் கோப்பி கரகரவென்று மேலே ஏறும். விடியற்காலையில் அதை அடுப்பில் ஏற்றிவிட்டு வேதாகமத்தைத் திறப்பார். கேத்தல் கரகரப்பதற்குள் அதிகாரம் முடிய வேண்டும். முடிந்தால்தான் கோப்பி. கோப்பி இல்லாமல் வாழ முடியாத மனிதர் தன்னுடைய நாக்கையே பிணையாக வைத்தார் என்று சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சின்னச் சிக்கல். அதிகாரங்களை எழுதியவர்கள் கேத்தலைப் பார்த்து எழுதவில்லை. சங்கீதங்களில் மிகச் சின்னது ஒன்று இருக்கிறதே, இரண்டே வரி, அன்றைக்குத் தண்ணீர் சூடாகுமுன்பே சங்கீதம் முடிந்துவிட்டது. அண்ணை கேத்தலைப் பார்த்தபடி ஏமாந்த முகத்தோடு நின்றார். அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது பாருங்கள், சங்கீதங்களிலேயே நீளமானது! கேத்தல் கரகரத்தது, பிறகு சீறியது, பிறகு அமைதியாகிவிட்டது. அண்ணை வாசித்துக்கொண்டே இருந்தார். நெருப்பைக் குறைக்க எழும்பினால் வரி தவறிவிடும் என்று எழும்பவில்லை. நான் பாயில் இருந்து கத்தினேன்.

"அண்ணை! கேத்தல் எரியுது!"

விரல் உயர்ந்தது. கேத்தலின் கைப்பிடி உருகி அடுப்பில் வழிந்தது. சூசை ஓடிவந்து தண்ணீரை ஊற்றினான். புகைக்குள் இருந்து அண்ணையின் குரல் கடைசி வரிவரைக்கும் வந்தது.

"நீயெல்லாம் கத்தோலிக்கன் எண்டு சொல்லித் திரியிறாய்," என்று பிறகு சூசையைத்தான் திட்டினார். "சங்கீதத்துக்கு நடுவிலை தண்ணி ஊத்துறியே!"

"அண்ணை, ஊத்தாட்டி நாங்கள் எல்லாரும் நேரை மோட்சத்துக்குப் போயிருப்பம்," என்றான் சூசை.

குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், நடந்தது இன்னொன்று. அங்கேதான் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்க வேண்டும். விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் அன்று வீட்டில் வாசிக்க முடியவில்லை. புத்தகத்தைக் கையோடு கொண்டுபோனார். வெயில் ஏறி, எங்கள் கால்கள் மரத்து, கடைசியில் உள்ளே இருந்து அவருடைய பெயரை அழைத்தார்கள். அண்ணை நிமிரவில்லை. விரல் உயர்ந்தது. இத்தாலிய அரசாங்கத்துக்கு அந்த விரல் பழக்கமில்லை. அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் வரிசையில் முதலிலிருந்து மறுபடி நின்றோம். அவருக்குத் துணையாக நானும்தான். என்ன பாவம் செய்தேனோ!

கால்சாப் பகுதியில் ஒரு வயதான விதவை அம்மாள் வீட்டில் அண்ணைக்கு வேலை. துடைப்பது, சமைப்பது, மருந்து கொடுப்பது. நாங்கள் அவரைச் சிஞ்ஞோரா என்போம். காலையில் தவறிய நாட்களில் அண்ணை அங்கே வைத்து வாசிப்பார். முதல் நாள் அண்ணை தன்னைத் திட்டுகிறார் என்று சிஞ்ஞோரா பயந்துபோனாராம். அட்டையில் இருந்த சிலுவையைக் காட்டியதும் மனம் தேறி, என்ன கதை என்று கேட்கத் தொடங்கினார். அண்ணையின் இத்தாலிய மொழியோ சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் அளவுக்குத்தான். "யோசேப்பு, கெட்ட சகோதரர், வித்துப் போட்டாங்கள்" என்பதை அதில் சொல்லியிருக்கிறார். சிஞ்ஞோரா அழுது, பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு அழ வைத்திருக்கிறார். அடுத்த நாள் முதல் கதவைத் திறந்ததும் "பிறகு?" என்பதுதான் முதல் கேள்வி.

யோசேப்பு முடிந்தது. மோசே வந்தார், கடல் பிரிந்தது, சிஞ்ஞோரா கை தட்டினார். அதன் பிறகு லேவியர் ஆகமம் வந்தது. பலிகள். ஆட்டை எப்படி வெட்டுவது, கொழுப்பை எங்கே எரிப்பது.

"பிறகு?" என்று சிஞ்ஞோரா.

அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு, "சிஞ்ஞோரா, பேக்கோரா," என்றாராம். ஆடு.

அடுத்த நாளும் "பிறகு?"

"பேக்கோரா."

ஒரு கிழமை பொறுத்த சிஞ்ஞோரா, இன்றைக்காவது வேறு ஏதாவது நடந்ததா என்று கெஞ்சிக் கேட்டபோது, அண்ணை பெருமூச்சு விட்டுச் சொன்ன வாக்கியம் எங்கள் வீட்டில் நிரந்தரமாகிவிட்டது. "செம்ப்ரே பேக்கோரா, சிஞ்ஞோரா." எப்போதும் ஆடுதான். வேலை எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால் சூசையும் நானும் இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிச் சிரித்துக்கொண்டு இருந்தபோதுதான் ஊரிலிருந்து கடிதங்கள் முற்றாக நின்றன. சண்டையில் சனங்கள் இடம்பெயர்ந்து போகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. திரேசா அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அண்ணை வாசிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அந்த மாதங்களில் அவருடைய குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஏன் கேத்தல் இன்று இவ்வளவு சீக்கிரம் கரகரக்கிறது என்று எரிச்சலாக வரும். இன்னும் கொஞ்சம் வாசிக்கட்டுமே மனிதர் என்று இருக்கும்.

நெடுநாள் கழித்து, ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் செய்தி கொண்டுவந்தார். திரேசா அக்கா வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்து இருக்கிறார், சுகம். வீடு வாசல் எல்லாம் போய்விட்டது, வேதாகமமும் போய்விட்டது. ஆனால் பக்கத்துப் பாயில் இருந்த ஒரு சபைக்கார அக்கா தன்னிடம் இருந்த இன்னொரு வேதத்தைக் கொடுத்தாராம். ஒரு நாளும் விடாமல் வாசிக்கிறாராம். அன்று அண்ணை பல்லாரோவில் மீனை அள்ளி வாங்கி வந்து சமைத்தார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் சாப்பாடு.

சாப்பிட வந்தவர்களில் ஒருவர் அல்லேலூயா அன்ரன். போர்கோ வெக்கியோவில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர். சாப்பிட்டு முடித்து, அண்ணையின் வேதாகமத்தைப் புரட்டிப் பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"இதென்ன அண்ணை, தொபியாசு? யூதித்து? எங்கடை வேதத்திலை இதுகள் இல்லை."

"இல்லையோ? என்ன விசர்க் கதை கதைக்கிறீர்!"

"சத்தியமா அண்ணை. கத்தோலிக்கருக்குத்தான் இதுகள். எங்கடை சபைக்காரருக்கு நெகேமியாவுக்குப் பிறகு நேரை எஸ்தர்."

அண்ணையின் கையில் மீன் துண்டு அப்படியே நின்றது. எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சூசைதான் எனக்குக் காதுக்குள் விளக்கினான். திரேசா அக்காவிடம் இப்போது இருப்பது, கத்தோலிக்கர் அல்லாத சபைக்காரரின் வேதம். அதில் சில புத்தகங்கள் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் என்று போனால், அண்ணை தொபியாசிலும் யூதித்திலும் நடந்துகொண்டிருந்த நாட்களில் அக்கா அவற்றைத் தாண்டிப் போயிருப்பார். இப்போது அண்ணை, அதே போல அங்கே இல்லாத சீராக் என்ற புத்தகத்தின் நடுவில். அக்கா எப்போதோ எசாயாவையும் முடித்திருப்பார். மாதக்கணக்கில் முன்னால் போயிருப்பார்.

"இவ்வளவு நாளும் நான் ஆரோடை வாசிச்சனான்?" என்று அண்ணை கேட்டார். மீன் ஆறிப்போனது.

அடுத்த நாள் காலையில் ஓட்டம் தொடங்கியது. அவளைப் பிடிக்க வேண்டும். முடிந்த நாட்களில் இரண்டு அதிகாரம். ஞாயிற்றுக்கிழமையில் மூன்று, நான்கு. கேத்தலை அடுக்கடுக்காக ஏற்றினார். அத்தனை கோப்பியையும் குடித்து எங்கள் மூன்று பேருக்கும் இரவில் நித்திரை போனது. சிஞ்ஞோரா வீட்டில் ஒரு கையில் தும்புத்தடி, ஒரு கையில் எசேக்கியேல். கதை தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்துச் சிஞ்ஞோரா சண்டை பிடித்தாராம். ஆடே பரவாயில்லை, அதுவாவது விளங்கியது என்றாராம். மாதங்கள் ஓடின. வெக்கை மாதத்தில் ஒரே மூச்சில் பெத்லகேமைக் கடந்தார். மலைப்பிரசங்கத்தை மூச்சு வாங்காமல் முடித்தார். சூசைக்கே பொறுக்கவில்லை. வேதத்தைத் திறந்தும் பார்க்காத சூசை சொன்னான்:

"அண்ணை, ஆண்டவரைச் சிலுவையிலை அறையிறாங்கள். அதுக்குக் கூட நிக்காமல் ஓடுறியள்!"

"நிண்டால் அவள் போயிடுவாள்டா," என்றார் அண்ணை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சூசை எழும்பி அடுத்த கேத்தலை அடுப்பில் ஏற்றினான்.

கடைசியில் ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஏற்பாடானது. போய் வருகிறவர்கள் மூலம் நாளும் நேரமும் சொல்லியனுப்பி, வவுனியாவில் ஒரு தொலைபேசிக் கடையில் திரேசா அக்கா வந்து நிற்பதாக முடிவு. அண்ணை அந்த நாளைக் குறிவைத்து ஓடினார். மனக்கணக்குப் போட்டுப் போட்டு, சரியாக அன்று காலையில் அப்போஸ்தலர் பணியின் கடைசி அதிகாரத்துக்கு வந்து சேர்ந்தார். கப்பல் உடைந்து, சின்னப்பர், அதாவது பவுல், நம்முடைய சிசிலியில் வந்து இறங்குகிற இடம்.

"சின்னப்பர் இஞ்சை மூண்டு நாள் நிண்டிட்டுப் போட்டார்," என்று சூசை பெருமூச்சு விட்டான். "பெர்மெஸ்ஸோவும் இல்லை, குவெஸ்தூராவும் இல்லை."

அண்ணைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "அவளும் இண்டைக்கு இஞ்சைதான் நிப்பாள். பிடிச்சிட்டன்," என்று சட்டையை மாட்டினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கடைக்குப் போனார்.

பக்கத்துத் தொலைபேசிப் பெட்டிகளில் ஆட்கள் ஊரில் இருக்கும் சொந்தங்களோடு கதைத்து அழுதுகொண்டிருந்தார்கள். எங்கள் ஆள் ரிசீவரைப் பிடித்த பிடியில் அது உடையப் பார்த்தது.

"திரேசா! கேக்குதோ? எங்கை நிக்கிறாய்? ... கடைக்குள்ளையோ? கடையை விடு! எந்த அதிகாரத்திலை நிக்கிறாய்? நான் அப்போஸ்தலர் பணி கடைசிக்கு வந்திட்டன். பிடிச்சிட்டன், என்ன?"

மறுபக்கம் சொல்வதைத் தானும் சத்தமாகத் திருப்பிச் சொல்வது அவருடைய வழக்கம். ஆகவே கடை முழுவதும் கேட்டது.

"மலாக்கியாவோ? ... மலாக்கியா பழைய ஏற்பாடெல்லே! நீ ஏன் இன்னும் அங்கை?"

பிறகு அவர் திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டார். முகம் ஒரு மாதிரிப் போனது. ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீ கேள். எனக்கு விளங்கேல்லை."

அன்றுதான் நான் திரேசா அக்காவின் குரலைக் கேட்டேன். மெல்லிய, அவசரமில்லாத குரல்.

"தம்பி, இவருக்குச் சொல்லுங்கோ. சபைக்கார அக்கா தந்த வேதத்திலை தொபியாசு இல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரிஞ்சு போச்சு. எங்கடை கலியாணத்திலை சுவாமி தொபியாசைச் சொல்லித்தானே பிரசங்கம் வைச்சவர். அதை எனக்குத் தெரியாதோ? நான் இஞ்சத்தைப் பங்குச் சுவாமியிட்டைப் போய், எந்தெந்தப் புத்தகம் இல்லை, எத்தினை அதிகாரம் எண்டு கேட்டு வைச்சன். இவர் அதுகளை வாசிக்கிற நாளெல்லாம் நான் ஒரு சங்கீதத்தை வாசிச்சுப் போட்டு, நிண்ட இடத்திலையே நிண்டன். இப்ப இவர் எங்கடை வேதத்திலை மலாக்கியாவுக்குப் பிறகு வாற மக்கபேயரிலை எண்டு நினைச்சுக்கொண்டு நான் மலாக்கியா முடிவிலை நிக்கிறன். அங்காலை மத்தேயு. இவர் இல்லாமல் அதுக்குள்ளை போக எனக்கு மனம் வரேல்லை, தம்பி."

நான் அண்ணைக்கு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவர் கடைக்காரனின் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"ஒரு வருசம் கிட்ட ஓடினன், தம்பி. ஆண்டவரைக் கூட நிண்டு பாக்கேல்லை. அவள் பின்னாலை நிண்டிருக்கிறாள்."

பிறகு சட்டென்று எழுந்து ரிசீவரைப் பறித்தார்.

"திரேசா! நீ அசையாதை. நாளைக்குக் காலமை மத்தேயு ஒண்டு. நான் திரும்பி வாறன்!"

அதோடு இணைப்பு அறுந்தது. மற்றப் பெட்டியில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண் அழுகையை நிறுத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரேசா அக்கா பிறகு பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தார். வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்பாட்டின் கடைசி அதிகாரங்களை இரண்டு பேரும் குசினி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து முடித்தார்கள், ஒரே புத்தகத்தில்தான். ஆனால் எனக்கு மனதில் நிற்பது தொலைபேசிக் கடையில் இருந்து திரும்பிய அந்த வழி. மீன்காரர்களும் காய்கறிக்காரர்களும் இரண்டு பக்கமும் கூவிக்கொண்டிருக்க, அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்த வயதில், வேறொரு ஆம்பிளை நடுச்சந்தையில் என் கையைப் பிடித்திருந்தால் எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. வீட்டுப் படி வரைக்கும் அவர் என் கையை விடவில்லை, நானும் எடுக்கவில்லை.